படலையார் கண்ட பிழைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் “எப்பிடிச் சுகம்?” என்று கேட்கக்கூடாத ஒரே மனிதர் படலையார்தான். நம்மூரில் அந்தக் கேள்விக்கு “இருக்கிறம்” என்ற ஒரு சொல்தான் விடை. கேட்டவரும் விடைக்காக நிற்பதில்லை. அவருடைய சைக்கிள் அதற்குள் அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பியிருக்கும். படலையாரிடம் கேட்டவர் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு வரவேண்டும்.

“இடப்பக்கத் தோள்மூட்டு நோகுது. நித்திரை அரைகுறை. சாப்பாடு செமிக்குது. அறை வாடகைக்குத் தந்த அன்ரியோடை கதைவழிப்பட்டு ஒரு சண்டை வந்தது, அது என்ரை பிழை. வேறை ஒண்டும் இல்லை.”

மற்றவர்கள் ‘வேறை ஒண்டும் இல்லை’ என்றால் இனித்தான் விஷயம் வரப்போகிறது என்று பொருள். இவர் சொன்னால் உண்மையிலேயே வேறு ஒன்றும் இருக்காது.

நான் அவரைக் கண்டது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், குளிர்பானமும் தேநீரும் விற்கும் பலாலி வீதியோரக் கூல்பார் ஒன்றின் மேல்மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் அலுவலகத்தில். அதற்கு முன் நான் பத்திரிகையில் உதவி ஆசிரியர். மரண அறிவித்தல்களில் இறந்தவரின் பெயரும் துயருறும் மருமகனின் பெயரும் இடம்மாறாமல் பார்ப்பது என் கடமைகளில் ஒன்று. பத்திரிகை மெலிந்தது, ஆட்களையும் மெலியவைத்தார்கள். முப்பத்தாறு வயதில், தெரிந்த முதலாளி ஒருவரின் இரக்கத்தால், கணினி மொழி படிக்க மேல்மாடி ஏறினேன்.

எனக்குச் சொல்லித்தர முதலாளி நியமித்த படலையார் என்னைவிட ஏழு வயது இளையவர். ஈர்க்குப் போன்ற உடம்பு. கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. வலது காற்சட்டைக் காலில், சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் கழற்றாத கிளிப். இந்தப் பெடியனை ஊர்ப்பெரியவர் போல் ‘ஆர்’ போட்டுக் கூப்பிடுகிறார்களே என்று முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை.

நாங்கள் எழுதியது ஹஸ்கல் என்ற மொழியில். உயர்தரக் கணிதத்தில் சார்பு என்று படித்தோமே, முழு நிரலையும் அந்தச் சார்புகளாலேயே கட்டுகிற மொழி. ஒன்றை உள்ளே கொடுத்தால் ஒன்று வெளியே வரும். நடுவில் எதுவும் களவாக மாறாது. அதில் படலையார் மதம்போலக் கடைப்பிடித்தது ஒன்றைத்தான். வெளியிலிருந்து வரும் தரவை வாசலிலேயே சோதிக்க வேண்டும். சோதனையில் தேறியதற்கு வேறு பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாத எதையும் உள்ளேயுள்ள எந்தச் சார்பும் தொடக்கூடாது.

“படலையிலை மறிச்சுக் கேளுங்கோ அண்ணை,” என்பார். “ஆளை விறாந்தை தாண்ட விட்டு, அவன் குசினிக்கை போய்ச் சோத்துப் பானையைத் திறந்த பிறகு ‘நீ ஆர்?’ எண்டு கேட்டு என்ன பிரயோசனம்?”

படலை எனும் வளவின் வாசற்கதவு இப்படி நாள் முழுவதும் அவர் வாயில் திறந்து மூடியதால் அதுவே பெயராகிவிட்டது. ஒருமுறை யாரோ பெற்றோர் வைத்த பெயரால் கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் வெளிநாட்டுக்குப் பொதி அனுப்பும் நிறுவனம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி என்று தாய்மார் கட்டிக் கொடுப்பதைப் பிள்ளைகள் இருக்கும் நாடுகளுக்கு ஏற்றுவது அவர்கள் தொழில். அவர்களுடைய குருநகர்க் கவுண்டரில் இருந்தவர் றீற்றா அக்கா. விரல்கள் விரைவு, குரல் கடற்கரை வரை கேட்கும். அனுப்புபவரின் விவரங்கள் சரிதானா என்று சோதிக்கும் பகுதியை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது.

எழுதினேன். பத்திரிகைக்காரனின் கறாரோடு, வீட்டு இலக்கம் இல்லாத முகவரியைத் திருப்பி அனுப்பும்படி எழுதினேன். ஒரு கிழமை கழித்து, சேர்ந்திருந்த விவரங்களைப் பார்த்த படலையார் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அண்ணை, சண்டிலிப்பாயிலை எத்தினை வீடு இருக்கும்?”

“கனக்க இருக்கும். ஏன் கேக்கிறீர்?”

“உங்கடை கணக்கிலை ஒரு வீடுதான். முழுச் சனமும் ஒண்டாம் நம்பரிலை குடியிருக்குது.”

நான் திரையைப் பார்த்து விறைத்துப் போனேன். சண்டிலிப்பாய்க்காரர் ‘பிள்ளையார் கோவிலடி’ என்று முகவரி சொல்ல, என் நிரல் இலக்கம் கேட்டு அடம்பிடிக்க, றீற்றா அக்கா எல்லாருக்கும் ‘இலக்கம் ஒன்று’ என்று போட்டு அலுவலை முடித்திருந்தார். தோட்டங்களும் கோவில்களும் உள்ள ஒரு கிராமத்தை நான் ஒரே கூரைக்குள் குடியேற்றியிருந்தேன்.

“பிழையான கேள்வி கேட்டால் சனம் சரியான பொய் சொல்லும் அண்ணை,” என்றார் படலையார். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அதைத் திருத்தினேன். அடுத்த கிழமை றீற்றா அக்கா தொலைபேசியில் வந்தார். “தம்பி, உங்கடை கொம்பியூற்றருக்கு என்னோடை என்ன கோபம்? பேர் பிழை எண்டுது, திருத்தினன். பேந்து நிறை இல்லை எண்டுது; போட்டன். பேந்து போன் நம்பர் காணாது எண்டுது. லைனிலை நிண்ட ஆச்சி கோதாரியிலை போவான் எண்டு உங்களைத்தான் திட்டிப்போட்டுப் போறா.”

என் சார்பு முதலாவது பிழையைக் கண்டதும் நின்றுவிடும். அது திருந்தினால்தான் இரண்டாவதைப் பார்க்கும். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. ஒரு பிழை போதாதா திருப்பி அனுப்ப?

படலையார் வாதாடவில்லை. “அண்ணை, கீழை போய் எனக்குப் பால் விடாமல் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வாறீங்களே?” என்றார். வாங்கிவந்தேன். வாயில் வைத்தார். “சீனி கூடிப்போச்சு.” இறங்கி மாற்றிவந்தேன். “இஞ்சி போடேல்லை.” மறுபடி இறங்கினேன். “கோப்பை விளிம்பு உடைஞ்சிருக்கு.” படியில் ஏறி இறங்கி மூச்சு வாங்க, நான் ஒருநாளும் அலுவலகத்தில் உயர்த்தாத குரலை உயர்த்தினேன்.

“ஐசே, உமக்கென்ன விசரோ? எல்லாத்தையும் ஒரேயடியாய்ச் சொல்லித் துலைச்சிருக்கலாமே!”

“அதைத்தான் அந்த ஆச்சியும் சொன்னவ,” என்று சொல்லிவிட்டு, உடைந்த கோப்பையிலேயே பிளேன்ரீயைக் குடித்தார்.

அன்று பின்னேரமே இரண்டாவது முறையைக் கற்றேன். பெயர், நிறை என ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே சோதிப்பது. ஒன்று பிழைத்தாலும் மற்றதைப் பார்ப்பது. பிழைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுப்பது. றீற்றா அக்கா மறுபடி தொலைபேசியில் வந்து, இந்த முறை மாதாவின் பெயரால் என்னை ஆசீர்வதித்தார்.

சிக்கல் என்னவென்றால், படலையார் இந்த முறையை அலுவலகத்தோடு நிறுத்தவில்லை. முதலாளியின் மாமனார் காலமானபோது நாங்கள் எல்லாரும் செத்தவீட்டுக்குப் போனோம். வாசலில் ஆளுயரக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அழுதுகொண்டு நின்ற முதலாளியின் கையைப் பிடித்து, அனுதாபம் சொல்வதற்குப் பதிலாக, படலையார் சொன்னார்:

“அண்ணை, பதாகையிலை மூண்டு பிழை. கிழமையும் தேதியும் பொருந்தேல்லை. ரெண்டாவது மருமகனை விட்டிட்டியள். ஐயா தன்ரை மூத்த மகனுக்குப் பிறகு பிறந்திருக்கிறார். வேறை ஒண்டும் இல்லை.”

பறை அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பதினொரு வருடம் மரண அறிவித்தல் திருத்திய நான் அந்தப் பதாகையைக் கடந்துதான் உள்ளே வந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தென்படவில்லை. பிரேதம் எடுக்க முன் புதிய பதாகை வந்தது. இரண்டாவது மருமகன் படலையாரைத் தேடிவந்து கைகொடுத்தார். முதலாளி மட்டும், இனி இந்த மனிதனை நாலுபேர் கூடும் இடத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று தீர்மானித்தார்.

அந்தக் காலத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் சண்டிலிப்பாய், பெயர் வாசுகி. தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதித்து அறிக்கை கொடுக்கும் வேலை. சாதகம் பொருந்தியது. வழக்கம்போல் ஒரு கோவில் வீதியில், தற்செயலாகச் சந்திப்பது போல் எங்களைச் சந்திக்க வைத்தார்கள்.

“புதுசாய் ஏதோ படிக்கிறீங்களாம்?” என்று கேட்டார் வாசுகி.

கேட்டிருக்கக்கூடாது. சோதனைச் சார்பு, முதற்பிழையில் நிற்பது, எல்லாப் பிழையும் சேர்ப்பது என்று பூசைமணி அடிக்கும்வரை விளக்கினேன். அம்மா தூரத்தில் நின்று தலையில் கைவைத்தார். வாசுகி கொட்டாவி விடவில்லை.

“முதல் பிழையோடை நிண்டால், மிச்சத்தைச் சோதிச்சதோ, சோதிக்காமல் விட்டதோ எண்டு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். “அரைகுறை ரிப்போட்டைக் கையிலை குடுக்கிற மாதிரியெல்லோ.”

பிளேன்ரீக்காகப் படியேறி நான் கற்றதை இவர் நின்ற நிலையில் கேட்டுவிட்டார். வீடு திரும்பும்போது எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. இந்தக் கலியாணம் நடக்காவிட்டால் வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

இனி விசாரணை மிச்சம். நம் பக்கத்தில் சாதகம் பொருந்தினாலும், ஆள் பிடித்தாலும், மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் பெண்வீட்டார் முற்றத்தில் கால்வைக்கமாட்டார்கள். அதனால் மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டு அக்கம்பக்கத்தைத் தயார்செய்வார்கள். அம்மா தயார்செய்தார். அயலில் ஒரு வீடும் மிச்சமில்லை. கூல்பார்க்காரர்கூட “தங்கமான பெடியன்” என்று சொல்லத் தயாராக இருந்தார். அம்மாவுக்கு இதில் ஒரு தனிக் கவலையும் இருந்தது. சாதகக் குறிப்பில் நட்சத்திரத்தையும் இராசியையும் மட்டும் எழுதிக் கொடுத்து, வயதை வாயால் சொல்வது கலியாணத் தரகரின் சாமர்த்தியம். அந்த வாயில் என் வயது முப்பத்திநாலு.

அலுவலகத்தில் ஒரே ஆபத்து படலையார். முதலாளி தாமாகவே முன்வந்தார். “கவலைப்படாதையும். விசாரிக்க வாற கிழமை முழுக்க உவனை நான் குருநகருக்கு அனுப்பிவிடுறன். அங்கை கவுண்டரிலை நிண்டு என்ன பிழையெண்டாலும் கண்டுபிடிக்கட்டும்.”

ஆனால் விசாரிக்கப் புறப்பட்டவர் வாசுகியின் தாய்மாமா. புகையிலைத் தோட்டக்காரர், விசாரணையில் பழுத்தவர். மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்க்கும் இடத்தில் விசாரிப்பது வீண் என்பது அவர் கொள்கை. எங்கள் அலுவலகப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. சுவிஸில் இருக்கும் மகளுக்கு மிளகாய்த்தூள் அனுப்பும் சாட்டில், எங்கள் நிரல் அங்கே ஓடுவதைக் கேட்டறிந்து, குருநகர்க் கவுண்டருக்குப் போனார்.

என் கைத்தொலைபேசி அடித்தது. றீற்றா அக்கா. ஒருநாளும் இல்லாதபடி கிசுகிசுத்தார். “தம்பி, கதைக்காதேங்கோ. கேளுங்கோ. உங்களுக்குப் பொம்பிளை பேசின இடத்து ஆள் வந்து நிக்கிறார். உங்கடை படலையாரிட்டைத்தான் கேக்கிறார்.” தொலைபேசியைக் கவுண்டரில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“தம்பி, உம்மோடை வேலைசெய்யிற அந்தப் பெடியன் ஆள் எப்பிடி?” இது மாமா.

“முதலாவது பிழையை மட்டும் சொல்லவோ, எல்லாத்தையும் சொல்லவோ?” இது படலையார்.

எத்தனையோ கலியாணங்களுக்கு விசாரித்த அந்த மனிதரிடம் யாரும் இப்படித் திருப்பிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. “எல்லாத்தையும் சொல்லுமன்,” என்றார்.

“வயது முப்பத்தாறு. முப்பத்திநாலு எண்டு சொல்லியிருப்பினம். அது வழமையான பிழை. மத்தியானம் மேசையிலை படுத்தால் குறட்டை கீழ்க்கடைக்குக் கேக்கும். மற்றவை கதைக்கேக்கை வசனத்தைத் திருத்துவார். கோபம் வந்தால் கத்தமாட்டார், ரெண்டு நாளைக்குக் கதைக்கமாட்டார். புத்தகம் வாங்குவார், வாசிக்கமாட்டார். தாயிட்டைச் சாப்பிட்டிட்டன் எண்டு பொய் சொல்லுவார். மீன் முள்ளுக்குப் பயம்.”

றீற்றா அக்கா தன்னை மறந்து, “மாதாவே!” என்றார். மீனவர் ஊரான குருநகரில் மீன் முள்ளுக்குப் பயப்படுவது பெருங்குற்றம்.

படலையார் நிறுத்தவில்லை. “வலப்பக்கக் கடைவாய்ப் பல்லு சூத்தை. ஒரு பக்கத்தாலைதான் சாப்பிடுவார். டொக்டரிட்டைப் போகப் பயம்; கேட்டால் நேரமில்லை எண்டுவார். பேப்பர் வேலை போனது இன்னும் மனசுக்குள்ளை கிடக்குது; காலமை வந்த உடனை தான் முந்தி வேலைசெய்த பேப்பரைத்தான் முதல் வாசிப்பார், எங்களைக் கண்டால் மூடிவைப்பார். வேறை ஒண்டும் இல்லை.”

நான் கதிரையில் அமர்ந்தேன். உண்மையில் விழுந்தேன். குறட்டையும் வயதும் அல்ல என்னை அறைந்தது. பத்திரிகையை மூடிவைப்பதை யாரும் கண்டதில்லை என்று நினைத்திருந்தேன்.

மாமா மிளகாய்த்தூளையும் அனுப்பாமல் திரும்பிப் போனாராம்.

அடுத்த நாள் படலையார் அலுவலகத்துக்கு வந்தபோது நான் படியிலேயே மறித்தேன். “ஐசே, என்ன வேலை பார்த்துப்போட்டு வந்து நிக்கிறீர்?”

“அவர் எல்லாத்தையும் கேட்டவர் அண்ணை.”

“பொய் சொல்லச் சொல்லேல்லை. குறட்டையோடை நிப்பாட்டியிருக்கலாமே! நான் அந்தப் பிள்ளையைத்தான் கட்டவேணும் எண்டு நிக்கிறன். தெரியுமோ உமக்கு?”

அவருக்கு அது தெரியாது. என்னைப் பற்றி அவர் அறியாத ஒன்று இருந்தது அவருக்கே அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், முகம் வெளிறியது. அப்படியே மேலே ஏறிப்போனார். அன்று முழுவதும் யாருடைய நிரலிலும் பிழை சொல்லவில்லை. அலுவலகமே பயந்துபோனது.

வீட்டில் அம்மா என்னோடு கதைப்பதை விட்டார். வயது வெளிப்பட்டதற்கு அல்ல. “சூத்தைப் பல்லை எனக்கேன்ரா சொல்லேல்லை?” என்பதுதான் அவர் கோபம்.

வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், மாமாவும் வாசுகியும் அவருடைய தாயும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். சம்பந்தம் சரிவராது என்று நேரில் சொல்லிவிட்டுப் போகும் கண்ணியமான குடும்பம் என்று நினைத்து நான் சட்டையை மாற்றக்கூட இல்லை.

மாமா கதிரையில் அமர்ந்து, அம்மாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, நான் விசாரிச்ச இடமெல்லாம் ‘தங்கமான பெடியன்’ எண்டுதான் சொல்லுவினம். அப்பிடி ஒரு தங்கத்துக்குத்தான் என்ரை தம்பியின்ரை மகளைக் கட்டிக் குடுத்தனாங்கள். இப்ப விவாகரத்துக்குக் கோட்டிலை நிக்கிறம். ஆனால் குருநகரிலை ஒரு பெடியன் நிண்டான் பாருங்கோ. மீன் முள்ளையும் விடேல்லை. குறட்டையையும் சூத்தைப் பல்லையும் சொன்னவன், குடி கிடி எண்டு ஏதும் கண்டிருந்தால் விட்டிருப்பானோ?”

“எனக்கு அந்த ரிப்போட் போதும்,” என்றார் வாசுகி. “முழுக்கச் சோதிச்ச ரிப்போட்.” பிறகு ஒரு கணம் யோசித்து, தன் தாயின் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “எனக்கும் முப்பத்திரண்டு இல்லை. முப்பத்திநாலு.”

மாமாவின் வாயிலிருந்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. வாசுகியின் தாய் சீலைத் தலைப்பால் முகத்தை மூடினார். முதலில் தெளிந்தது என் அம்மா.

“அப்ப ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு குறைச்சிருக்கிறம். வித்தியாசம் அப்பிடியே கிடக்குதுதானே,” என்றார். பதாகை பார்த்த படலையார்கூட அவ்வளவு வேகமாகக் கணக்குப் பார்த்ததில்லை.

போகும்போது வாசுகி வாசலில் நின்று என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். “கலியாணத்துக்கு நாள் வைக்க முதல் அந்தப் பல்லை டொக்டரிட்டைக் காட்டவேணும். நேரமில்லை எண்டு சொல்லப்படாது.”

செய்தி கேட்டதும் படலையார் துள்ளவில்லை. “பல்லு டொக்டரிட்டை எத்தினை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை நான் மருத்துவரின் வாசலுக்குப் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து, சைக்கிளைப் பூட்டிவிட்டு, கால் கிளிப்போடு நின்றார். உள்ளேயிருந்து யந்திரத்தின் ஈ இரைச்சல் கேட்டது. என் கால்கள் தாமாகத் திரும்பின.

“பயமாய்க் கிடக்கோ அண்ணை?”

“ஓம்.”

“சரி. நானும் உள்ளுக்கு வாறன்.”

கதிரை பின்னால் சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு வந்தது. நான் கையை நீட்ட, அவர் பிடித்துக்கொண்டார். அவருடைய கை என் கையைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; கையையும் விடவில்லை.